தள்ளிப் போயிருக்கு

மார்ச் 4, செவ்வாய்

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்று நான்காவது மருந்து ஏற வேண்டிய நாள். காலையில் ரத்தம் எடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, கையில் பட்டை கட்டி, ஒன்பதாம் படுக்கையில் ஏறிப் படுக்கச் சொன்னார்கள். படுத்த பிறகு மருத்துவர் வந்து, "வெள்ளை அணு தொள்ளாயிரம்தான் இருக்கும்மா. ஆயிரத்து ஐந்நூறாவது வேணும். அடுத்த செவ்வாய் பார்க்கலாம்" என்கிறார். இதைப் படுப்பதற்கு முன்னால் சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா?

மொத்தம் ஆறு தடவை ஏற்ற வேண்டும். பிறகு அறுவை. மார்பில் இருக்கும் கட்டி சுருங்கினால் சின்ன அறுவை, சுருங்காவிட்டால் மார்பையே எடுக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் கட்டிக்குக் கொண்டாட்டம் என்று முதல் நாள் காகிதத்தில் படம் போட்டு விளக்கியதும் இவர்தான். இப்போது "ஒரு வாரம்தானே" என்கிறார்.

ஒரு வாரம்தானே! பேருந்து நிலையத்தில் பதினாறு வருடமாக நேரம் எழுதும் வேலை பார்க்கிறேன். "ரெண்டு நிமிஷம்தானே மேடம்" என்று பல்லைக் காட்டும் ஓட்டுநரைக்கூட விட்டதில்லை, சிவப்பு மையில் எழுதிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கடிகாரம்' என்றுதான் சொல்வார்கள். இப்போது என் உடம்பே தாமதமாக வந்து நிற்கிறது. இதற்கு யாரைப் பிடித்துக் கத்துவது?

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போனேன். கூண்டில் உட்கார்ந்து மைக்கில் அறிவித்தால் நாலாவது வண்டிக்கே மூச்சு வாங்குகிறது.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: வீட்டுக்காரர், மகள் வாண்டு, டிப்போ மேலாளர். மற்ற எல்லோருக்கும் எனக்கு ரத்தசோகை. தலை மொட்டையானதற்கு, பள்ளிக்கூடத்திலிருந்து வாண்டு பேன் கொண்டுவந்துவிட்டாள் என்று கதை கட்டியிருக்கிறேன். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என் தலையில ஒரு பேன்கூட இல்ல, என் மானத்தை வாங்காதம்மா" என்கிறாள். பதினோரு வயதில் மானம்.

மறைத்தது என் யோசனைதான். 'ஐயோ பாவம்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முக்கியமாக என் வீட்டுக்காரருடைய அக்காவுக்குத் தெரியக் கூடாது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார் அண்ணி. அவர் கணவர் காலமான பிறகு தனியாகத் தையல் மிஷினோடு வாழ்கிறார், பிள்ளை இல்லை. நல்ல மனுஷிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணி காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

வாண்டுக்கு இருமல். என் அறைக்குள் வராதே என்று சொன்னதற்கு, வாசற்படியிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வாசற்படி அறைக்குள்ள சேராதாம். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காய்ச்சல் நூற்றி ஒன்று. பட்ட காலிலேயே படும். பையை எடுத்து வைத்துவிட்டேன், இவர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய், ஆஸ்பத்திரி

கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் இன்றைக்கும் மருந்து கிடையாது. இன்னும் ஒரு வாரம்.

மருத்துவர் சொல்லிவிட்டுப் போனதும் இவர் உள்ளே வந்தார். ஒரு கையில் குடிநீர், மறு கையில் போன். எனக்கு வந்த கோபத்தில், "மறுபடியும் தள்ளிப் போயிருக்கு! இன்னும் எத்தனை நாள் பார்க்கணுமோ! யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, சொல்லிட்டேன்!" என்று கத்தினேன். இவர் முகம் வெளுத்துப்போய்ப் போனைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் அண்ணி.

இவர் போனைக் காதில் வைத்து, "ஆமாக்கா... இல்லக்கா... அது வந்து... டாக்டர் இப்போதைக்குச் சொல்ல வேணாம்னார்" என்றார். இதைவிட மோசமாக ஒரு மனிதர் ஒரு வாக்கியம் பேச முடியாது.

யோசித்துப் பார்த்தால் அண்ணியைக் குறை சொல்ல வழியில்லை. ரத்தசோகை, வாந்தி, இரண்டு மாதமாக அடிக்கடி லீவு, இப்போது 'தள்ளிப் போயிருக்கு'. தமிழ் தெரிந்த எந்தப் பொம்பளைக்கு வேறு அர்த்தம் தோன்றும்?

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஏழு நாளைக்கு மாத்திரை, காலை எட்டு, இரவு எட்டு. ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது.

இதுவரை ஐந்து பேர் போன் செய்து வாழ்த்திவிட்டார்கள். இவருடைய சித்தப்பா, "பதினோரு வருஷ இடைவெளி பரவாயில்லம்மா, பெரியவ தூக்கி வளர்ப்பா" என்கிறார். நன்றி சித்தப்பா என்றேன். வேறென்ன சொல்ல?

"நீங்களே உண்மையைச் சொல்லித் தொலைங்க" என்று இவரிடம் சொன்னேன். "நீதானே மூச்சு விடக் கூடாதுன்னே" என்கிறார். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற கை, எதையும் ஆறப்போட்டே பழகிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

டிப்போ குமாஸ்தா கூப்பிட்டார். மகப்பேறு விடுப்புப் படிவம் எடுத்துவைத்திருக்கிறாராம், எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று கேட்டார். உங்களுக்கு யார் சொன்னது என்றேன். பதினான்காம் எண் வண்டி நடத்துநர். அவருக்கு? தன் ஊரில் அந்த வண்டியில் ஏறிய அண்ணி. என் நிலையத்து வண்டி, நான் நேரம் எழுதி அனுப்பிய வண்டி, என் வதந்தியைச் சுமந்துகொண்டு சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. ஏன் என்று எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத. எனக்கு நிஜமாகவே நாள் தள்ளித்தான் போயிருக்கிறது. இரண்டாவது மருந்தோடு நின்றது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நான் தவம் கிடக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று நானல்லவா சொல்ல வேண்டும்? ஒரு சொட்டு மருந்து எப்படிச் சொல்லலாம்?

மார்ச் 16, ஞாயிறு

அண்ணி வந்து இறங்கிவிட்டார். இரண்டு பை. வந்ததும் என்னைப் படுக்கவைத்து, வீட்டை ஒட்டடை அடித்து, திரைச்சீலைகளை ஊறவைத்து, இவரை முட்டை வாங்கத் துரத்தினார். துணி கட்டிய என் தலையைப் பார்த்து, "பேனாவது மண்ணாவது, எனக்குத் தெரியாதா? மாசமா இருந்தா சிலருக்கு முடி கொட்டும். எல்லாம் வளரும்" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு விடை வைத்திருக்கிறார், எல்லாம் தப்பு.

சாயங்காலம் பையிலிருந்து இரண்டு சின்னச் சட்டைகளை எடுத்துக் காட்டினார். கையளவுதான் இருக்கும். "பழந்துணியில தச்சேன், உடம்புல உறுத்தாது" என்றார். நான் "நல்லாருக்கு அண்ணி" என்றேன்.

மகாபாவி, அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

மார்ச் 17, திங்கள்

காலை எட்டு மணி. மாத்திரையைக் காணோம். மேசை, அலமாரி, கட்டிலுக்கு அடியில், எங்கும் இல்லை. எட்டு பத்து. எட்டு இருபது.  நாளைக்கு ரத்தப் பரிசோதனை. மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடி தள்ளிப் போகும்.

"அண்ணி, என் மாத்திரை பார்த்தீங்களா?"

"நான்தான் எடுத்து வெச்சேன். வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு இப்படி கை நிறைய முழுங்கறியே! எழுதிக் கொடுத்தவனுக்கு அறிவு வேணாம்?"

"கொடுங்க அண்ணி."

"மாட்டேன். வேற டாக்டர்கிட்ட கேட்டுட்டு..."

"பிள்ளை இல்ல அண்ணி! கட்டி! மார்புல கட்டி! கேன்சர்! அந்த மாத்திரை இல்லாட்டி நாளைக்கும் ஊசி கிடையாது, போதுமா?"

இப்படித்தான் சொன்னேன். இப்படியா சொல்வது? வாண்டு ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு நின்றாள்.

 அண்ணி சமையலறைக்குப் போய், முக்காலி மேல் ஏறி, காலி மாவு டப்பாவிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துவந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்போலேருந்து?"

"டிசம்பர்."

விரல் விட்டு எண்ணினார். "நாலு மாசம். நல்ல சேதின்னா மட்டும்தான் நான் வருவேன்னு நெனச்சுட்டியா?"

 அப்புறம் அவர் குனிந்து வாண்டுக்கு மற்ற ஷூவை மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாள் முழுக்க வேலை செய்தார், பேசவில்லை. அண்ணி பேசாத வீட்டை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

மார்ச் 18, செவ்வாய்

விடிந்து பார்த்தால் அண்ணி இல்லை. முதல் வண்டியில் போய்விட்டார். சட்டைகள் இருந்த பையும் இல்லை.

வெள்ளை அணு ஆயிரத்து நானூறு. நூறு குறைச்சல்! நூறு! வியாழக்கிழமை வரச் சொல்கிறார்கள். "கடையில காய்கறி வாங்குற மாதிரி ஒரு நூறு கொசுறு போடக் கூடாதா?" என்று கேட்டேன். செவிலி சிரித்தாள், மருத்துவர் சிரிக்கவில்லை.

அண்ணி போனை எடுக்கவில்லை. இவர் பதினெட்டுத் தடவை அடித்தார்.

மார்ச் 19, புதன்

காலையில் இவரோடு சண்டை. உங்க அக்கா என்று நானும், உன்னாலதான் என்று இவரும். பிறகு இரண்டு பேரும் அழுதோம். யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஐந்தே கால் வண்டியில் அண்ணி திரும்பி வந்தார். இந்தத் தடவை நான்கு பை.

"எங்கே போனீங்க?"

"பதினோரு உருப்படி தைக்க வாங்கி வெச்சிருந்தேன். நாலை முடிச்சுக் கொடுத்தேன். மிச்சத்தை இன்னொருத்தி கைல ஒப்படைச்சுட்டு, வீட்டைப் பூட்டிட்டு வர வேணாமா?"

"போனையாவது எடுத்திருக்கலாம்."

"எடுத்தா அழுவேன். அழுதுகிட்டே தச்சா கோணல் விழும்."

உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் தானே போன் செய்துவிட்டதாகச் சொன்னார். உடனே கேட்டேன்: "என்னன்னு சொன்னீங்க?"

"எனக்குக் காது மந்தமாயிடுச்சு, தப்பாக் கேட்டுட்டேன்னு. உன் சித்தப்பா மாமனார் அரை மணி நேரம் என்னைக் கேலி பண்ணினார்."

"உண்மையைச் சொல்லலையா?"

"அது நீ சொல்ல வேண்டியது. சொல்லு, சொல்லாட்டிப் போ."

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று எழுதிய கை இது. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

ஆயிரத்து எழுநூறு. நான்காவது ஏறிவிட்டது. வாந்தி. அண்ணி வாளியோடு.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று ஐந்தாவது, சொன்ன தேதியில். கட்டி பாதியாகியிருக்கிறதாம். மருத்துவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "சின்ன அறுவையே போதும் போலிருக்கு" என்றார். போலிருக்கு என்ற சொல்லை அவர் விடமாட்டார், நானும் இன்றைக்கு அதில் தொங்கப் போவதில்லை.

போன வாரம் நானே டிப்போவில் சொல்லிவிட்டேன். யாரும் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை, இரண்டு பேரைத் தவிர. சித்தப்பாவுக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன்.

அண்ணியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது இன்னொரு வியாதி. ஏசியைக் குறை என்று செவிலியோடு மல்லுக்கு நிற்கிறார். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு என் வெள்ளை அணுக் கணக்கை ஆரம்பத்திலிருந்து ஒப்பிக்கிறார். மருந்துப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்து, மெதுவா இறங்குது என்று புகார் வேறு. என் உயிரை வாங்குகிறார்.

உடன் இருப்பவர் படிவம் கொடுத்தார்கள். இதுவரை இவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். இன்று அண்ணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'அக்கா' என்று இருந்தது.

"உறவைத் தப்பா எழுதிட்டீங்க அண்ணி" என்றேன்.

"அடிச்சுத் திருத்தினா படிவம் செல்லாதாம். பேசாமப் படு."

படுத்தேன். பதினொன்று பத்துக்கு மருந்து இறங்க ஆரம்பித்தது.