இருந்தாரா உன் பெருமாள்?

ஜூன் 7, சனி

திருநீர்மலை. இன்றும் அப்படியேதான்.

படியேறும்போது ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ரங்கநாதர் சன்னிதியில் கற்பூரத் தட்டு உயர்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன். உள்ளே தேடுகிறேன். பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி, ஒரு மூச்சளவுக்காவது — ஒன்றுமில்லை. தீர்த்தம், சடாரி, படியிறக்கம், மேற்குத் தாம்பரத்துக்கு ஆட்டோ. எத்தனை வருடமாக இப்படி? நான் இன்னும் போய்ச் சேரவில்லையா, இல்லை அவர் அங்கே இல்லையா?

செருப்பைக் கழற்றுவதற்குள் அச்சுதன் கேட்டுவிட்டார், கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்வியை. "ஆத்துல இருந்தாரா உன் பெருமாள்?"

அடுத்த கேள்விதான் புதிது. "இன்னிக்கு என்ன சாத்தியிருந்தா?" கேளம்பாக்கம் ஆபீசுக்குத் தினமும் பைக்கில் போய்வந்த மனிதர். சர்க்கரை ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது, இன்னொன்றில் புகைமூட்டம். தை மாதத்திலிருந்து மலைக்கு வருவதில்லை.

"பச்சைப் பட்டு."

"போன வாரமும் பச்சைதான். மாத்துத் துணிகூட இல்லையா பாவம்?"

பார்த்திருந்தால்தானே சொல்ல.

ஜூன் 10, செவ்வாய்

போன பார்வை திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் அச்சுதன், "அடை சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார். வீட்டுக்கு வந்து பருப்பை ஊறப்போட்டுவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 14, சனி

கண்ணைத் திறந்தே வைத்திருப்பது என்ற தீர்மானத்தோடுதான் போனேன். தட்டு உயர்ந்ததும் தானாக மூடிக்கொண்டன. சின்ன வயதுப் பழக்கம்.

வந்ததும் கேட்டார். கத்திவிட்டேன். "புடவைக் கடையில கேக்கற மாதிரி கேக்கறேளே, என்ன கலர்னு. நான் அங்க எதுக்குப் போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர் உனக்குள்ளே வரணும். எனக்கு அவர் வாசல் வரைக்கும் போனாப் போறும். உன் கண்ணை விட்டா யார் கண்ணால போவேன்?"

குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியல.

இவ்வளவு வருஷமும் நான் தனியாகவே போயிருக்கேன். இவர் கூட வந்த நாள்லகூட.

ஜூன் 15, ஞாயிறு

ரசத்தில் உப்பில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூன் 28, சனி

பார்த்தேன். அரக்குக் கரை போட்ட மஞ்சள் பட்டு. துளசி மாலை ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. பட்டர் அதை மேலே ஏற்றிவிட்ட விதம், தூங்குகிற குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி. கண்ணை மூடி நான் நின்ற நாளெல்லாம் இதுவும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அச்சுதன் காபியை ஆறவிட்டுக் கேட்டார். "திருவடியில என்ன பூ?"

கவனிக்கவில்லை என்றேன்.

"சரி, அடுத்த வாரம் பாத்துண்டு வா."

ஜூலை 5, சனி

திருவடியில் செண்பகம். சொல்ல வேண்டுமே என்று படிகளில் ஓடி இறங்கினேன். இந்த வயதில்.

ஜூலை 19, சனி

காலையில், "நானும் வரேன்" என்றார்.

என் தோளில் கை வைத்து, நின்று நின்று ஏறினார். பாதி வழியில், "வைகுண்டமே வந்துடுத்தோ?" என்றார். சிரிப்பில் எனக்கும் மூச்சு வாங்கியது.

சன்னிதியில் அவர் காதோரம் சொல்லிக்கொண்டே போனேன். திருமுகம், தோள், நழுவாத மாலை, பட்டின் மடிப்பு. உள்ளே தேட நேரமே இருக்கவில்லை.

பின்னாலிருந்து ஒருவர், "இன்னாம்மா, கமென்ட்ரி குட்த்துகினு கீறே? நவுரு" என்றார். அச்சுதன் குரல் வந்த பக்கம் திரும்பினார். அந்த மனிதர் அவர் கண்களைப் பார்த்துத் தணிந்துபோனார்.

"சொல்லும்மா, சொல்லு. நானும் கேட்டுக்கறேன். இந்தக் கூட்டத்துல எனக்கு மட்டும் இன்னா தெர்து?"

தட்டு உயர்ந்தது. திருவடியில் இன்று மல்லிகை என்று சொல்லத் திரும்பினால், அச்சுதன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"மூடிண்டுட்டேளே."

"அதான் நீ பாக்கறியே."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"இருந்தார்."

"தெரியும். நானும் வந்திருந்தேனே."