எதிர் நாற்காலிக்கான திரை

இன்று காலை, நம் கடைக் கணினிக்கு நீ மாட்டிய இரண்டாவது திரையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்துக் காற்றுத் துளைகளுக்குள் பல்லி முட்டையிட்டு வைத்திருந்தது. இரண்டு பொரிந்து வெறும் ஓடாகக் கிடந்தன. ஒன்று உடைந்து ஒழுகி, கேபிள் செருகும் வாயில் பசையாகக் காய்ந்திருந்தது. சுற்றிலும் கரப்பான் புழுக்கை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் குடித்த தேநீர் தொண்டைவரை வந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் நீ எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது: 'கஸ்டமர் பார்ப்பதற்கு. கழற்றாதே.'

கழற்றியது நான்தான். பதினோரு மாதம் ஆகப்போகிறது. யார் கேட்டாலும் திரை பழுது என்று சொல்லி வந்தேன். நன்றாக இருந்த திரைக்கு நான் கட்டிய கதை அது.

ஜாசினில் நாம் இருவரும் இந்த அச்சுக்கடையைத் தொடங்கிய புதிதில் நமக்கு ஒரே திரைதான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஜனங்கள் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாவுக் கார்டில் விட்டுப்போனால் அப்படியில்லை. இறந்தவருடைய மூத்த தாரத்து மகனின் பெயர் இல்லாமல் நாம் அடித்த காரியக் கார்டுகளை, அந்த மகனே பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தது உனக்கு நினைவிருக்கும். அவர் திட்டவில்லை. "எங்கப்பாவுக்கு நான் பொறக்கலயா?" என்று மட்டும் கேட்டார். அன்று நீ மதியச் சோற்றைத் தொடவில்லை.

மறு வாரம் பக்கத்து ஊர் ரெம்பியாவில் மூடப்போன ஒரு சைபர் கபேயிலிருந்து இந்தத் திரையை வாங்கினாய். உன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, இதைக் கைக்குழந்தைபோல் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். மாட்டுவதற்கு ஒரு பகல் போனது. வாடிக்கையாளர்களின் பென்டிரைவ் வைரஸுக்குப் பயந்து நீ ஏற்கெனவே கணினியை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தாய். கேபிளைச் செருகியதும் அது இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே நீள மேசையாக்கிவிட்டது. என் பக்கம் இருப்பது எதிர்ப்பக்கம் தெரியவில்லை. மௌஸ் அம்பு என் திரையின் ஓரத்தில் ஓடி மறைய, நான் தேடிக்கொண்டிருந்தேன். "உன் மௌஸ் என் வீட்டுக்கு வந்துருச்சி லா" என்று எதிர் நாற்காலியிலிருந்து நீ சிரித்தாய்.

பிறகு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இரண்டிலும் ஒரே காட்சி தெரியும்படி நகல் முறைக்கு மாற்றினாய். வாங்கி வந்த பழைய திரையின் அளவுக்கு என் திரையும் இறங்கி வந்தது. எழுத்தெல்லாம் மங்கல். எனக்கு எரிச்சலாக இருந்தது. தனித்தனியாகவே இருக்கட்டும், கார்டு முடிந்ததும் அந்தப் பக்கம் தள்ளிக் காட்டினால் போதாதா என்று கேட்டேன்.

"நமக்கு மங்கலா தெரிஞ்சா ஒண்ணும் ஆயிடாது. நாம என்ன அடிக்கிறோம், என்ன அழிக்கிறோம்னு அவங்க பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றாய்.

நீ போன பதினோராம் நாள் உன் அண்ணன் கடைக்கு வந்தார், உன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க. உன் மாலினியையும் கூட்டி வந்திருந்தார். இருவரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. உன் பெயருக்குக் கீழே 'மகள்: மாலினி' என்று நான் கேட்காமலே அடித்து வைத்திருந்தேன். உன் அண்ணன் பல் குத்திக்கொண்டிருந்தார். அந்தக் குச்சியாலேயே திரையைத் தொட்டு அவள் பெயரைக் காட்டினார்.

"இது வேணாம் தங்கச்சி. சீனப் பிள்ளதானே, எடுத்து வளத்தது. மகள்னு போட்டா ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்க லா. எடுத்துருங்க."

பக்கத்து நாற்காலியில் அவள். உன் புருஷன் போன மறு வருடம், ஒரு சீனக் குடும்பம் கொடுத்த இருபது நாள் குழந்தையாக நீ வாங்கி வந்தவள். இந்த மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். கடைசி இரண்டு மாதம் உனக்கு மலம் அள்ளியவள் அவள்தான். உன் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போனவர்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கோயில் தலைவர். திருவிழா நோட்டீஸ் வேலை வருடா வருடம் அவர் கையால்தான் நமக்கு வருகிறது. அந்த ஒரு நொடியில் எனக்கு நினைவு வந்தது நீ இல்லை, அந்த நோட்டீஸ்தான். இப்போது எழுதும்போதும் அருவருப்பாக இருக்கிறது.

அழித்தேன். மாலினி, மாலின ஆனது. மாலி ஆனது. மால, மா, ம. பிறகு ஒன்றுமில்லை. ஆறு தட்டு; 'மகள்' என்பதற்கு இன்னும் சில. விசைப்பலகையில் இரண்டு சாவிகளைச் சேர்த்து அழுத்தி நகலை நிறுத்தியிருந்தால், அவள் பார்க்காமலாவது அந்தக் காரியத்தைச் செய்திருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை. இப்போதுதான் கார்டு பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றார் உன் அண்ணன். நான் தலையை வேறு ஆட்டினேன். மாலினி, திரையில் குச்சி பட்ட எச்சில் கறையைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலை நான் கேபிளைப் பிடுங்கினேன்.

இன்று காலை உன் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. ஆண்டுத் திதி வருகிறதாம். போன தடவை போட்டதுபோலவே போட்டுவிடச் சொன்னார். தான் நேரில் வரத் தேவையில்லையாம். என் விரல் பழக்கதோஷத்தில் 'சரிண்ணே' என்று அடித்துவிட்டது. அனுப்பாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை அழித்துவிட்டுத்தான் உன் திரையைத் திருப்பினேன்.

செருகு வாயைப் பழைய பல்துலக்கியால் சுரண்டினேன். மாட்டினால் இருட்டு. அப்படி ஒரு திரை இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியைக் கண்டு எனக்கே வெறுப்பாகி மறுபடி சுரண்டினேன். நான்காவது தடவை உயிர் வந்தது. ஆனால் கணினி பழைய அமைப்பையெல்லாம் மறந்திருந்தது. மௌஸ் அம்பு ஓரத்தில் ஓடி எதிர்ப்பக்கம் போய்விட்டது. சிரிக்க அங்கே ஆள் இல்லை. நீ காட்டிய இடத்துக்குப் போய் நகல் முறைக்கு மாற்றினேன். எல்லாம் மங்கியது.

உன் அண்ணனைக் கூப்பிட்டு, மகள் பெயர் இருக்கும், வேண்டாமென்றால் வேறு கடையில் அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார். அடுத்து மாலினியைக் கூப்பிட்டேன். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து, சீருடையோடு நேரே வந்தாள். திரை எரிவதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

கார்டைத் திறந்து உன் பெயருக்குக் கீழே அடித்தேன். 'மகள்: மாலினி'. ஓர் எழுத்து தப்பாக விழுந்து, திருத்தினேன். அதையும் அவள் பார்த்தாள். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன், பெயர் சரியாக இருக்கிறதா என்று.

"சரியாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்றாள். "அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சி."

அவள் போய் வெகுநேரம் ஆகிறது. திரையை அணைக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் இதிலேதான் அடிக்கிறேன், எதிர்ப்பக்கமும் தெரியும்படி. பதினோரு மாதமாக, அழிக்கும் சாவியில் விரல் படும்போதெல்லாம் எதிர் நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இப்போதும் பார்த்தேன்.