பலகையில் தூவிய மாவு

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. உன் வயிறு இந்த வாரம் எப்படி இருக்கிறது? கோதுமையில் இருக்கும் அந்தக் குளூட்டன் உனக்கு ஆகாமல் போனதற்குச் சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று உன் டாக்டர் கேட்டதாக எழுதியிருந்தாய். மூன்று வாரமாக நான் பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். இரண்டு வயதுக்குள் காதுவலிக்கு ஏழு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறோம். ஒரு வயதில் வயிற்றுப்போக்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். சீட்டில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன், நான் பேக்கரி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் நாலாம் மாதமே பாலில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டிவிட்டேன்.

மனசு கேட்காமல் நம் தெரு டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "பிறவியிலேயே ஒரு வாகு இருக்கணும், அதுக்கு மேல கிருமியோ மருந்தோ தூண்டிவிட்டிருக்கலாம், இதாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காதீங்க" என்றார். அப்பாவோ, "பெரியவனும் அதே ரொட்டியத்தான் தின்னான், அவனுக்குக் கல்லைக் கொடுத்தாலும் செரிக்குது" என்கிறார். கொஞ்சம் ஆறுதல்தான், முழுசாக இல்லை.

இன்னொன்று இருக்கிறது. போன தடவை நீ வந்தபோது அரிசி மாவு வாங்கி உனக்கென்று தனியாக ரொட்டி சுட்டேனே, அதற்கப்புறம் இரண்டு நாள் சுருண்டு படுத்தாய், "வழியில சாப்பிட்டது ஒத்துக்கலம்மா" என்றாய். அடுத்த தடவை நன்றாக வரட்டும் என்று நேற்று அதே மாவைப் பிசைந்து பழகினேன். பாதியில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பார்த்தால், ஒட்டாமல் இருக்க ஒரு பிடி கோதுமை மாவைப் பலகையில் தூவிக்கொண்டிருக்கிறேன்! இருபத்தாறு வருஷம் பேக்கரியில் பழகிய கை, என்னைக் கேட்காமலே தூவுகிறது. அன்றைக்கும் தூவியிருப்பேன். நீ பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தாய். பார்த்துவிட்டுத்தான் இரண்டு துண்டு தின்றாயா, அம்மா முகம் வாடிவிடும் என்று?

பலகை, சல்லடை, தட்டு எல்லாம் உனக்கென்று புதிதாக வாங்கி மாடி அறையில் வைத்துவிட்டேன், பேக்கரி உடையோடு நானே அங்கே ஏறுவதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஊட்டியதை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் இல்லை. இப்போது இருக்கிறது. தட்டைத் தள்ளிவிட்டு என் முகத்துக்கு நேரே சொல்.

உடம்பு தேறி நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே.

தட்டைத் தள்ளினால் கோபித்துக்கொள்ளாத,
உன் அம்மா