சத்தமில்லாமல் வந்த சிவப்புக் கார்

என் அருமைச் சகலன், தம்பி றவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னை அடக்கிய கபுறடியில் நின்று சொல்லும் ஸலாத்தை இன்றைக்குக் காகிதத்தில் சொல்கிறேன். அங்கே வந்தால் ஓதிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கதைக்க எனக்கு வாய் வருவதில்லை. கணிதம் படிப்பித்துப் பழகியவன், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்தாமல் எழுதவும் வராது. ஆகவே:

1. உன் காரை நான் ஏன் பிரித்தேன் என்பது.
2. அதில் எது தேய்ந்திருந்தது, எப்படி மாற்றினேன் என்பது.
3. அந்தக் கார் போட்ட சத்தம் வெறும் பழுது, வேறொன்றும் இல்லை என்பது.
4. உன் மகள் நஸீராவின் கலியாணத்தன்று நடந்தது.

பொறாமைக்குத் தனி இலக்கம் கொடுக்கவில்லை. அது எல்லாவற்றுக்குள்ளும் கிடக்கிறது.

நஸீராவின் கலியாணம் முடிவானதும் உன் மனைவி ஹபீபா வேலியடிக்கு வந்தாள். "மச்சான், மாப்பிள்ள, நஸீராட வாப்பாட கார்லதான் நம்மட வாசலுக்கு வரணும். ஊரெல்லாம் சொல்லி வெச்ச மனிசன். அது ஓடுமா?" என்று கேட்டாள். உன் ஜனாஸா போன நாளிலிருந்து அந்தச் சிவப்புக் கார் உன் நெல் மில்லின் கொட்டிலில் படங்குத் துணிக்குள் கிடந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மைமூன் சிரித்தாள். "நீங்களா? சரிதான். அது றவூப் தம்பிட கைக்குத்தான் ஓடும்."

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் கல்முனையில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்திருப்பேன். உன்மீதுள்ள அன்பால் செய்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதி உண்மை.

நாம் இருவரும் அக்கா தங்கையைக் கட்டி, ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்துச் சீதன வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். பின்னேரத்தில் உன் கார் பெரிய ரோட்டில் வரும்போதே அதன் உறுமல் கேட்கும். பள்ளிவாசல் திருப்பத்துக்கு வரும்போது ஹபீபா கேற்றைத் திறந்துவிடுவாள். பிள்ளைகள் ஓடுவார்கள். என் வீட்டில், என் மனைவி, "றவூப் தம்பி வாறாரு" என்று உனக்குத் தேத்தண்ணி வைப்பாள்.

நான் வருவது யாருக்குக் கேட்டது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறவன் நான். முற்றத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பேன். உள்ளே மைமூன், "இந்த மனிசன இன்னும் காணல்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் இருமுவேன்.

அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாய். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னாய்: "காக்கா, ஒங்கட சைக்கிளக் கள்ளனுக்கு வாடகைக்குக் குடுக்கலாம். நாயும் குலைக்காது." எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தது மைமூன்.

"ஒன்ட கார்ர பின் பெயாரிங் போயிட்டு, தம்பி. நல்ல கார் இப்பிடிக் கத்தாது" என்றேன்.

"கத்தட்டும் காக்கா. ஹோர்ன் அடிக்கிற வேல மிச்சம்" என்றாய். வாதத்தில் நான் சரி. சிரிப்பில் நீ வென்றாய். அது எப்படி எப்போதும் அப்படியே நடந்தது?

இரண்டாவதுக்கு வருகிறேன். சூறாவளி அடித்த வருஷம் உன் கார் பின்னச்சு முங்க வெள்ளத்தில் நின்றது நினைவிருக்கும். கிரீஸ் அப்போதே கழுவுண்டு போயிருக்க வேண்டும். பின்பக்கத்தை ஜக்கால் தூக்கித் தென்னங்குற்றிகளில் இருத்தினேன். இடது சில்லைக் கையால் சுற்றி, திருப்புளியின் நுனியை அச்சில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டேன். குறுமணலை அரைப்பது போல ஒரு சத்தம். வலது சில்லில் அது மெல்லியதாக இருந்தது. உறுமல் அங்கிருந்துதான். கிளம்பும்போது வந்த 'டக்' வேறு: கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் நீளத் தண்டின் மூட்டில் சிலுவை போன்ற இரும்பு ஆடிக்கொண்டிருந்தது.

இறக்குமதி திறந்துவிட்ட பிறகு கொழும்பில் எல்லாம் கிடைக்கிறது. சாமான்கள் வந்ததும் தண்டைக் கழற்றுமுன், அதுவும் பின்னச்சும் சேரும் இரண்டு முகப்பிலும் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தேன், முன்பிருந்த நிலையிலேயே திரும்பப் பூட்டுவதற்கு. நீ இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

மூட்டின் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் தையலூசி மாதிரி உருளைகள் சுற்றிவர நிற்கும். கிரீஸ்தான் அவற்றைப் பிடித்திருக்கும். கிண்ணங்களை உன் மில்லில் உள்ள வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தினேன். கடைசிக் கிண்ணம் முழுதாக உட்காரவில்லை. பூட்டுவளையம் அதன் தவாளிப்புப் பள்ளத்துக்குள் போக மறுத்தது. சுத்தியலால் ஒன்று போடலாமா என்று யோசித்தேன். நீ போட்டிருப்பாய். நான் பயந்தவன், திரும்பக் கழற்றினேன். ஓர் ஊசி விழுந்து கிண்ணத்தின் அடியில் குறுக்கே கிடந்தது. அடித்திருந்தால் எல்லாம் நொருங்கியிருக்கும். பயத்தால் எனக்கு வந்த நன்மை வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பின்சில்லுப் பெயாரிங் இரண்டையும் மாற்றினேன். இடது பக்கத்தின் உள்வளையம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. தேய்ந்த இரும்பு சத்தம் போடும், தேயாதது போடாது. மூன்றாவதாக நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

காரைத் தனியே சொறிக்கல்முனைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். இருபுறமும் வயல். மேலே துணிக்கூரை படபடப்பது மட்டும் கேட்டது. உன் இடத்தில் இருந்து, நீ ஒருபோதும் ஓட்டாத அளவுக்கு அமைதியாக ஓட்டினேன். பெருமையாக இருந்தது, தம்பி. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கலியாணத்தன்று எல்லாரும் ஒன்றாக ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. ஆண்கள் எல்லாரும் நடந்து வர, மாப்பிள்ளையை இடது பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நான் முன்னால் வந்தேன். திருப்பத்தைக் கடந்தேன். உன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கேற் பூட்டியிருந்தது. கிடுகு வேலிக்கு உள்ளே பெண்களின் கதை கேட்டது. மாப்பிள்ளையை வரவேற்கும் குரவை ஒலி இல்லை.

அப்போது மைமூனின் குரல்: "இன்னும் வரல்லகா. வந்தா அந்தச் சத்தம் கேக்கும்தானே."

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குரவை போடுவதற்கு உன் பெயாரிங்கின் உறுமலைக் காத்திருந்தார்கள். அதை நான் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுவிட்டேன். இந்த வீட்டுக்கு வாழவந்த பிள்ளை, பூட்டிய கேற்றைப் பார்த்துக்கொண்டு, மாலையோடு இருந்தான். நான் பின்னேரங்களில் முற்றத்தில் நிற்பது போல.

இருமப் பார்த்தேன். பிறகு அந்தப் பிள்ளை மெல்லமாக, "ஹோர்ன் அடிங்களேன் பெரியப்பா" என்றான். என் வாழ்நாளில் நான் ஹோர்ன் அடித்தவன் அல்ல. அடித்தேன். ஒழுங்கைச் சந்து முழுக்க அதிர்ந்தது. உள்ளே குரவை எழுந்தது.

ஹபீபா கேற்றைத் திறந்தாள். அவள் கண் முதலில் போனது மாப்பிள்ளையிடம் அல்ல, சாரதி ஆசனத்துக்கு. அங்கே நான் இருந்தேன். அந்த முகம் விழுந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது, தம்பி. கபுறுக்குள் இருக்கிற ஒருவனை இப்படித் தேட முடியுமா?

விருந்து எல்லாம் ஓய்ந்தபின் அவள் கேட்டாள்: "காருக்கு என்ன செஞ்சீங்க மச்சான்?"

"பழுதத் திருத்தினன்."

"பழையது இருக்கா?"

மறுநாள் பழைய இடது பெயாரிங்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹபீபா அதை உள்ளங்கையில் வைத்து, விரலால் சுற்றினாள். சின்னதாக, கரகரவென்று, நீ வந்தாய். அவள் மறுபடியும் சுற்றினாள். நான் வெளியே வந்துவிட்டேன். நான் மௌத்தாகி மண்ணுக்குள் போனால் மைமூன் எதைச் சுற்றிக் கேட்பாள்?

சைக்கிளுக்கு ஒரு மணி பூட்டியிருக்கிறேன். முந்தாநாள் ஒழுங்கைத் திருப்பத்தில் அடித்தேன். மைமூன் எட்டிப் பார்த்து, "ஐஸ்பழக்காரன் எண்டு நெனச்சன்" என்றாள். பரவாயில்லை. எட்டிப் பார்த்தாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பழைய பெயாரிங்கைத் திரும்பப் பூட்ட மாட்டேன். அதோடு ஓடினால் உயிர் போகும். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் உன் காரை எடுத்துப் போய், திரும்பி வரும்போது பள்ளிவாசல் திருப்பத்தில் ஹோர்ன் அடிப்பேன். ஹபீபா கேற்றைத் திறக்கட்டும். அவள் திறப்பது எனக்காக அல்ல என்பது எனக்குத் தெரிந்துதான் இருக்கும்.

மேலே எழுதிய வரிசையைத் திரும்பப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு சரி. மூன்றாவதில் பழுது என்றது சரி. வேறொன்றும் இல்லை என்றது பிழை.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கத்துச் சகலன்,
உன் காக்கா