உயிரோடிருப்போர் பக்கத்தில் ஒரு பெயர்

அக்கா,

இன்று மாலை மழை சற்று விட்டபோது, உருகிய மெழுகின் மணம் கல்லறைத் தோட்டத்திலிருந்து தெருவரை வந்தது. ஆன்மாக்களின் திருநாள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் ஊரில் மாரிக்காற்று எந்தச் சுடரையும் நிற்க விடாது. சனங்கள் வழக்கம்போலச் சிரட்டைகளுக்குள் மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். உங்கள் கல்லறையில் முதல் தடவையாக நானும் ஒன்றை ஏற்றினேன். அருகே அத்தானுக்கு இன்னொன்று. உங்கள் மகன் அருளுக்கு ஏற்றவில்லை.

யுத்த காலத்தில் இராணுவத்தினர் அவனைக் கொண்டுபோன காலையில் நான் ஊரில் இருக்கவில்லை. ஆகவே உங்களிடம் கேட்டதையே எழுதுகிறேன். சுற்றிவளைப்பில் பிடித்த இளைஞர்களைப் பாடசாலை வளவில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க வந்த, முகத்தை மூடிய ஒருவன் அருளுக்கு நேரே தலையாட்டினான். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்களாம்.

பிறகு நாம் முகாம் முகாமாக அலைந்தோம். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு, ஆட்கொணர்வு மனு ஒன்றை எழுதினேன். அத்தகைய ஒருவர் தம் பொறுப்பில் இல்லை என்று பதில் வந்தது. கொண்டுபோனவர்களே கொண்டுபோகவில்லை என்ற பின், சட்டம் தெரிந்தவன் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதைச் சொல்ல வந்தபோது நீங்கள் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“அப்ப அவன் இருக்கானா, இல்லையா? உன்ட சட்டம் என்ன சொல்லுது?”

“இப்போதைக்கு ரெண்டும் சொல்ல ஏலா, அக்கா.”

“நல்ல சட்டம்தான் தம்பி. வெயிலுக்கும் உதவாது, மழைக்கும் உதவாது. இந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு திரி.”

சிரித்தீர்கள். செதில் ஒட்டிய புறங்கையால் கண்ணைத் துடைத்தீர்கள்.

அடுத்து வந்த ஆன்மாக்களின் திருநாள் பூசையில்தான் அது நடந்தது. இறந்தோரின் பெயர்களை உபதேசியார் வாசித்துக்கொண்டு வந்தார். அத்தானின் பெயருக்குப் பின், யாரும் கேட்காமலே, இரக்கத்தினால் அருளின் பெயரையும் வாசித்தார். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

“பாதர், என்ட மகன்ட பேரைச் செத்தாக்களோட வாசிக்க வேணாம்.”

கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. உபதேசியார் குரலைத் தாழ்த்தி, “இரி மகள். பிள்ளைட ஆத்துமாவுக்கு நல்லதெண்டுதான்...” என்றார்.

“உங்கட மனசு எனக்குத் தெரியும். ஆனா நான் என்ட பிள்ளையை இன்னும் அடக்கம் பண்ணல்ல.”

 பின்னர், உயிரோடிருப்போருக்கான மன்றாட்டில் அவன் பெயரைப் பாதர் தாமே சொன்னார். அதன் பின் எந்த ஆண்டும் அவன் பெயர் உயிரோடிருப்போர் பக்கத்திலிருந்து மாறவில்லை.

வீடு திரும்பும் வழியில் மிகுந்த தயக்கத்தோடு கேட்டேன்: “அவன் திரும்பி வருவான் எண்டு நம்புறீங்களா, அக்கா?”

“வருவான் எண்டு ஆண்டவர் எனக்கு வாக்கொண்டும் தரல்ல. எங்க கிடந்தாலும் அவர்ட கையிலதான் கிடக்கான். அது போதுமா எண்டு கேக்காத. போதாது. ஆனா வேற யார்ட கையில நான் குடுப்பன், சொல்லு?”

 எத்தனையோ சாட்சியங்களை நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறேன். போதாது என்று ஒப்புக்கொண்ட பிறகும் நிலைத்து நிற்கும் நம்பிக்கையை அங்கே நான் கேட்டதில்லை.

இன்று பூசைக்கு முன், இப்போதைய உபதேசியார் என்னைக் கோவில் வாசலில் மறித்தார். “ஐயா, அக்காட பேரோட மகன்ட பேரையும் சேர்ப்பமா? இனி என்னத்துக்குப் பிரிச்சு வைக்கிற?”

அவர் கேட்டதில் பிழையில்லை. நெடுங்காலம் தகவலின்றிப் போன ஒருவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அதை உங்களுக்கு விளக்கிச் சொன்னவனும் நானே. ஆயினும், “வேணாம். அவன் மற்றப் பக்கம்” என்றேன். 

உங்கள் விசுவாசம் எனக்கும் வந்துவிட்டது என்று எழுத மாட்டேன், அது உண்மையல்ல. அவன் எங்கே என்று ஆண்டவரிடம் நானும் கேட்கிறேன், பதில் இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது. என் பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். எனக்குப் பின் இந்தக் கோவிலில் அவன் பெயரை அந்தப் பக்கத்தில் நிறுத்தி வைக்க எவரும் இல்லை. அதற்கு ஏதும் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பலவாறு யோசித்தேன். முடியாது.

ஆகவே இன்று மன்றாட்டில் அவன் பெயர் சொல்லப்பட்டபோது, நீங்கள் செய்ததையே செய்தேன். ஒப்படைக்க வேறொருவர் இல்லாததால், அவனை ஆண்டவரிடமே ஒப்படைத்தேன், அக்கா.