பின்கட்டைக் காலி செய்கிறோம்

1973 ஜூலை 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். மாலையில் தூறல், மண்கூட நனையவில்லை.

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை, இந்த டைரியிடமே இருக்கட்டும். ஜனவரியில் அப்பா கடையிலிருந்து கொண்டுவந்தது. ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எழுதும்படி எனக்கு என்ன நடக்கிறது என்ற கூச்சம். இப்போது நடந்திருக்கிறது.

அடையாறில் அரசாங்க ஊழியர் குடியிருப்பில் வீடு ஒதுக்கி நேற்று உத்தரவு. முதல் மாடி. தனிக் குழாய். பெயர்: செல்வி க. மீனாட்சி, பி.ஏ. நான்தான். பஸ்ஸில் படித்தேன். இறங்கி, தெருமுனையில் நின்று மறுபடி படித்தேன்.

சிக்கல்: இந்த மாதத்துக்குள் சாவி வாங்காவிட்டால் வீடு அடுத்த பேருக்குப் போய்விடும். பதினாறாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் வீடு மாற அம்மா சம்மதிக்கவே மாட்டாள். அதற்கு முன்பே போகலாம் என்றால், இந்தப் பின்கட்டில் அடுத்த தை வரை இருப்போம் என்று அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் அண்ணாச்சி. அப்பாவுக்கு முதலாளியும் அவரே. மயிலாப்பூர் குளத்தருகே எவர்சில்வர் கடை. வாங்குகிறவர்களுக்குப் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவது அப்பா வேலை.

2, திங்கள்

அப்பா பேச மாட்டாராம். கடையில் எப்படி முகத்தில் விழிப்பது என்கிறார். நியாயம்தான். "உத்தரவு உன் பேர்லதானே வந்திருக்கு" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

ஆக, நான். இத்தனை வருடத்தில் அண்ணாச்சியிடம் நான் பேசியது: சரிங்க, இல்லீங்க.

முன்கட்டிலிருந்து பெரியம்மா, அதாவது அண்ணாச்சியின் மனைவி: "ஏ பின்கட்டு, இந்த உளுந்தைக் கொஞ்சம் பாத்துட்டுப் போ." கை ஈரத்தோடு அம்மா ஓடினாள். அம்மாவை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பால்காரர், முன்கட்டுக்கு வரும் விருந்தாளிகள், எல்லோரும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பழக்கம்.

4, புதன்

பேசிவிட்டேன்!

அண்ணாச்சி செருப்பு மாட்டும் நேரம். மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் போய்விட்டது. உத்தரவை மட்டும் நீட்டினேன். மூக்குக்கண்ணாடி வரவழைத்து முழுதும் படித்தார். சந்தோஷம் என்றார், நிஜமாகவே. பிறகு:

"சந்தோஷம் வேற, பத்திரம் வேறம்மா. ஆடியில எவன் குடி வருவான்? மாசம் பூரா வீடு பூட்டிக் கிடக்கணுமா? உங்க இடத்துக்கு ஒரு ஆளைக் காட்டு. காட்டிட்டு ராணியாட்டம் போ."

"சரிங்க" என்றேன். வேறென்ன.

இருந்தாலும் பேசியது நான்தான்.

தைக்கக் கொடுத்த ரவிக்கையைத் தையற்காரரிடம் வாங்க மறந்தேன்.

8, ஞாயிறு

வாசலில் 'வீடு வாடகைக்கு' அட்டை, என் கையெழுத்தில். நேற்றும் இன்றும் வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டியதும் நான்தான். முதலில் வந்தவரிடம் எனக்கு வாய் வரவில்லை, கையைத்தான் காட்டினேன். பிறகு வாய் வந்து, உண்மையெல்லாம் வந்துவிட்டது. கிணறு உப்பு. நல்ல தண்ணீர் முன்கட்டிலிருந்து தூக்க வேண்டும். மழை பெய்தால் அடுப்பங்கரை ஒழுகும்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டைக் காட்டச் சொன்னா ஓட்டையைக் காட்டுதாளே."

ஆனால் யாரும் ஓட்டைக்காகப் போகவில்லை. எல்லோரும் ஆடிக்காகத்தான். ஆவணி பிறக்கட்டும் என்கிறார்கள். புதுமாப்பிள்ளை ஒருவர், ஆடிக்குப் பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், தனியாக வந்து இந்தக் கிணற்றையா பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டார். அம்மாவுக்கே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு வாரம்தான்.

10, செவ்வாய்

புழுக்கம். ஆபீஸில் மின்விசிறி ரிப்பேர்.

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் பிலோமினா, சாந்தோம்காரி, என்னடி முகம் இப்படி இருக்கிறது என்றாள். சொன்னேன். அவள் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமாகி, எல்லோரும் ஒரே வீட்டில் நெருக்கடி. மாதா கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் வீடு தேடுகிறாராம்.

ஆடி வருகிறதே என்றேன்.

"எங்களுக்கு ஏதுடி ஆடி?"

இதை யோசிக்காமல் தெரு முழுக்க ஆள் தேடினேனே.

11, புதன்

வாத்தியாரும் மனைவியும் வந்தார்கள். எல்லாக் குறையும் சொன்னேன், அம்மா பின்னாலிருந்து கிள்ளியும். அவர் மனைவி ஒழுகும் இடத்தில் நின்று மேலே பார்த்துவிட்டு, இங்கே ஓர் அண்டா வைத்தால் தண்ணீர் தூக்குகிற வேலை மிச்சம் என்றாள். நல்ல பெண்.

பெரியம்மா மட்டும், வேதக்காரங்களா என்று இழுத்தாள். அண்ணாச்சி: "உங்க சித்தப்பா வீடு என்னவாம்? அங்கேருந்து கிறிஸ்மஸ் கேக்கு வந்தா மொத ஆளாத் திங்கிறது யாரு?" அதோடு முடிந்தது. ஆடி முதல் தேதியே வருகிறார்கள்.

பத்திரத்தை அண்ணாச்சி என் எதிரிலேயே கிழித்தார். "பேசாத புள்ளைன்னு நெனச்சேன்" என்றார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

13, வெள்ளி

சாவி வாங்கியாயிற்று. மூட்டை கட்டுகிறோம். பாய், ஆட்டுக்கல், சாமி படம், என் புத்தகப் பெட்டி. ஆட்டுக்கல்லை யார் மாடி ஏற்றுவது?

புது வீட்டில் பால் காய்ச்ச அப்பா புதுப் பாத்திரம் கொண்டுவந்தார். பேர் அவரே வெட்டியிருக்கிறார்: க. மீனாட்சி பி.ஏ.

பாலுக்கு எதற்கப்பா பி.ஏ. என்றேன். "ஊர்ப்பட்ட பேரு வெட்டியாச்சு. பேருக்குப் பின்னால போட நம்ம வீட்டுல இப்பத்தானே எழுத்து வந்திருக்கு" என்றார். அவ்வளவு பேசுகிறவர் இல்லை. அம்மா முந்தானையால் துடைத்துப் பால்காரரிடம் காட்டினாள்.

மற்ற பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்பா பேர். அம்மா பேர் ஒன்றிலும் இல்லை. அம்மா கேட்டதும் இல்லை.

15, ஞாயிறு

ஆனியின் கடைசி நாள். நல்ல காற்று. விடியற்காலையிலேயே அடையாறில் பால் பொங்கியாயிற்று. பாத்திரத்தில் என் பேருக்கு மேல் நுரை வழிந்தது. அம்மா அங்கிருந்த குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

திரும்பி வந்து சாமான் ஏற்றினோம். வண்டிக்காரர்: "இன்னாம்மா, இம்மாம் பாத்திரம் கீது? கடையையே தூக்கிக்கினு போறீங்களா?" அண்ணாச்சிக்கும் சிரிப்பு.

பெரியம்மா அம்மாவுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "மாடி ஏற முட்டி விடாது, பின்கட்டு. ஒருநாள் வந்து கீழே நின்னு கூப்பிடுதேன்" என்றாள். அம்மா தலையாட்டினாள்.

வண்டி நகர்ந்தது. நான் மட்டும் திரும்பிப் போனேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"பெரியம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்மா பேரு சொர்ணம். வரும்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."