வாளியில் ஊறிய சம்மட்டி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கரி மூட்டை வந்தது. பாதி தூள். கரிக்காரரைத் திட்டிக்கொண்டே உலையை மூட்டினோம். எட்டுக் கடப்பாரைக்கு முனை தட்ட வேண்டும். வீட்டுக்காரர் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு பட்டடை முன்னால் உட்கார்ந்தார், நான் எதிரே நின்று சம்மட்டி போட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக இதே வேலை. சின்னச் சுத்தியலால் அவர் எங்கே தட்டுகிறாரோ அங்கே நான் அடிக்க வேண்டும். இரும்பை விட்டுவிட்டு வெறும் பட்டடையில் 'டிங்' என்று தட்டினால் நிறுத்த வேண்டும். வாயே திறக்க வேண்டாம்.

நாலாவது கடப்பாரையில் சம்மட்டியின் தலை கழன்று பறந்தது.

அவருடைய இடது காதை ஒட்டிப் போய்ப் பின்சுவரில் மோதி விழுந்தது. என் கையில் வெறும் பிடி.

அவர் காதைத் தொட்டுப் பார்த்து, "இருக்குடீ, இருக்கு" என்று சிரித்தார். நான் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஒரு விரல் அகலம். அவ்வளவுதான்.

மார்ச் 4

எழுத்தெல்லாம் கோணல். இங்கேயாவது எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

இரண்டு மாதமாகவே சம்மட்டியின் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. சொன்னால் வேலையை நிறுத்திப் புதுப் பிடி போடுவார், ஒரு நாள் போய்விடும் என்று சாயங்காலம் சாயங்காலம் அதைப் பின்பக்க வாளியில் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக நிறுத்திவிடுவேன். மரம் ஊறி உப்பும், காலையில் தலை கெட்டியாக நிற்கும். மத்தியானம் உலைச் சூட்டில் காய்ந்ததும் மறுபடி ஆடும். மறுபடி வாளி. அப்படிச் செய்யவே கூடாது என்று கல்யாணமான புதிதில் அவரே சொல்லியிருக்கிறார், ஊறி ஊறிக் காய்ந்த மரம் உள்ளுக்குள்ளே செத்துவிடும் என்று. தெரிந்தே செய்தேன். சோம்பலா, திமிரா, என்ன கேடு எனக்கு?

இன்னொன்று. நேற்று அவர் குளிக்கப் போனபோது பழைய பிடியை உலையில் போட்டு எரித்துவிட்டேன். நுனி கறுத்து நைந்திருந்தது. பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

மார்ச் 5

"பழைய பிடி எங்கடீ? அளவு பாக்கணுமே."

"விறகோட விறகா போயிடுச்சு போல." எப்படித்தான் நாக்கு புரண்டதோ.

"நல்ல ஆளு போ" என்று தலையில் தட்டிவிட்டு, பக்கத்து வெல்டிங் கடைக்காரரிடம் போய் ஒரு சம்மட்டி இரவல் வாங்கி வந்தார். புதுசு. தலை இம்மியும் அசையவில்லை. ஆனாலும் எனக்கு ஓங்கவே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். மூன்றாவது அடியிலேயே டிங்.

மார்ச் 6

மூன்று அடி, டிங். மூன்று அடி, டிங். முன்பெல்லாம் ஒரு சூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி வாங்குவார். இப்போது மூன்றுக்கே இரும்பை உலைக்குள் திருப்பிவிடுகிறார். "சூடு போதல" என்கிறார். மஞ்சளாகத் தகதகவென்று இருக்கிறது, சூடு போதவில்லையாம்.

இரவல் சம்மட்டியில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் அவர் பயப்படுவது என்னைப் பார்த்துத்தானே?

வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி என்னைப் போட்டுத்தள்ளப் பாத்தா" என்று சொல்லிச் சிரிக்கிறார். அவர்களும் சிரிக்கிறார்கள். நான் உலைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

மார்ச் 7

பிடியை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசல் மரத்தில் ஒரு கிளையை வெட்டிச் செதுக்கினேன். வெண்ணெய் மாதிரி வந்தது. பாதியில்தான் உறைத்தது. பச்சை மரம்! காயக் காயச் சுருங்கும். ஒரே மாதத்தில் தலை ஆடும். அடிப்பாவி, திரும்பவும் அதே வேலையா? தூக்கி எறிந்தேன்.

மார்ச் 9

பின்சுவரில் ஓர் உடைந்த ஏணி சாய்ந்து கிடக்கிறது. பத்து வருஷம் காய்ந்த மரம். அதன் ஒரு காலை அறுத்தேன். ரேகை நேராக ஓடுகிறது, முடிச்சு ஒன்றுகூட இல்லை. அளவுக்கு எங்கே போவது, நான்தான் எரித்துவிட்டேனே. பழைய பிடியைத் தரையில் ஊன்றினால் என் இடுப்பெலும்பைத் தொடும், அது நினைவிருந்தது. பருமனைக் கை சொன்னது. தலைக்குள் இறங்கும் நுனியை நாலு தடவை சீவினேன், நாலு தடவை மாட்டிப் பார்த்தேன். நுனியைப் பிளந்து காய்ந்த ஆப்பை இறக்கினேன். பிறகு கண்ணாடித் துண்டால் பிடி முழுக்கச் சுரண்டி வழவழப்பாக்கினேன்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டாள். "ஏம்மா அழுற?"

"மரத்தூள்டீ."

"ரெண்டு கண்ணுலயுமா?"

மார்ச் 10

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாளி, தண்ணீர், எரித்த பிடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா."

"நான் தெனமும் அதுக்கு எதிர்லதான உக்காந்திருந்தேன்?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 11

பேச்சு இல்லை. "உங்கம்மாவ கரி அள்ளி வைக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்கிறார். நான் மூன்றடி தள்ளித்தான் நிற்கிறேன்.

இனி என் எதிரே உட்காரவே மாட்டாரோ? அதைவிட, உட்கார்ந்து, மறுபடியும் ஏதாவது பறந்தால்? ஐயோ, நினைக்கவே முடியவில்லை.

மார்ச் 12

நான் செய்த பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். பிறகு குறட்டையும் சின்னச் சுத்தியலையும் என்னிடம் நீட்டினார்.

"உக்காரு. நான் அடிக்கிறேன்."

"நானா?"

"நீ செஞ்ச பிடிதானே? உக்காரு."

அவர் உட்காரும் அந்தப் பலகையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் சம்மட்டி அவ்வளவு பெரிசு. ஓங்கும்போது அடிக்கிறவர் முகமே தெரிவதில்லை. முதல் அடிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "கண்ணத் தொற. தட்டு" என்றார். தட்டினேன். அடித்தார். தட்டினேன். அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் என் காது தோளோடு போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது அடி விழுந்ததும் என் கை தானாகவே வெறும் பட்டடையில் தட்டிவிட்டது. டிங்.

அவர் சம்மட்டியை இறக்கினார். சிரிக்கவில்லை. "தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. ஒரு வாரமாக ஊரையெல்லாம் கூட்டிச் சிரித்தாரே, அது எதற்கு என்றும் தெரிந்தது. கரிக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க." அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது போன சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்குடீ" என்றார்.

மார்ச் 13

உடம்பெல்லாம் வலி. உலை மூட்டவில்லை.

மார்ச் 20

இரவல் சம்மட்டியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நான் பழையபடி நிற்கிறேன், அவர் பழையபடி உட்காருகிறார். உட்காரும் முன் சம்மட்டித் தலையை அசைத்துப் பார்க்கிறார். அவர் பார்த்த பிறகு நானும் ஒரு தடவை பார்க்கிறேன். பின்பக்க வாளி எங்கே என்று மகள் தேடினாள். "அது வேலைய விட்டு நின்னுடுச்சு" என்றார். அடியில் ஓட்டை போட்டுச் செடி வைத்திருக்கிறார்.

முந்தாநாள் நாலு. நேற்று அஞ்சு. இன்று ஒரு சூட்டுக்கு எட்டு அடி வாங்கினார். அதற்கப்புறம்தான் டிங்.